கோப்பை வென்றால் மாமி வருவா

டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் ஊரின் ஓரத்தில் பிளாஸ்டிக் வாளிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் கன்ரீன் அலமாரியில், கடுகுப் போத்தல்களுக்கு மேல்தட்டில், ஒரு பித்தளைக் கோப்பை நின்றது. கோடை விழாவில் தொழிற்சாலையின் பகுதிகள் ஒன்றோடொன்று பந்தடித்து அதை வெல்ல வேண்டும். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அதை வென்றவர்கள் களஞ்சியப் பகுதியினர். அதற்கு முந்தைய காலத்திலும் அவர்களே வென்றதாகச் சொன்னார்கள். கோப்பையைத் துடைக்கிற வேலையைக்கூட அவர்கள் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

தமிழர் எல்லோரும் பொதியிடும் பகுதியில் வேலை செய்தார்கள். அப்பா அங்கே இருந்தார், அம்மாவின் தம்பியான மாமாவும் இருந்தார். ஆகவே பொதியிடும் பகுதியின் அணி ஏறக்குறைய ஒரு தமிழ் அணி. விதிவிலக்கு ஒருவர்தான்: சுருட்டுப் பிடிக்கும் ஒரு டேனியப் பெண்மணி. அவர் மைதானத்திலும் சுருட்டைக் கீழே வைக்க மாட்டார். பந்து வந்தால் ஒரு கையாலேயே பிடித்துவிடுவார்.

விளையாட்டின் பெயர் ருண்ட்போல்ட். பந்தை அடித்துவிட்டு, நட்டிருக்கும் கம்புகளைச் சுற்றி ஓடி வீட்டுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். வழியில் எந்தக் கம்பிலும் நின்று மூச்சு வாங்கலாம். எறிந்தவரின் கைக்குப் பந்து திரும்பி வரும்போது இரண்டு கம்புகளுக்கு நடுவில் அகப்பட்டவர் ஆட்டமிழப்பார். இதைக் கேட்டதும் மாமா சிரித்தாராம். இது எங்கட ஊர் எல்லே விளையாட்டு எல்லோ, பள்ளிக்கூடத்தில் நான் இதில்தானே பெயர் எடுத்தவன் என்று சொன்னாராம். மீதி விதிகளை அவர் விசாரிக்கவில்லை.

விசாரித்திருக்கலாம். எல்லேயில் ஓடுகிறவரை ஆட்டமிழக்கச் செய்ய வேண்டுமென்றால் பந்தை அவர்மீதே எறிய வேண்டும். நாங்கள் ஆடிய முதல் வருடம் களஞ்சியப் பகுதியின் ஃபோர்மன், பெரிய வயிறும் சிவந்த கழுத்தும் உள்ள மனிதர், இரண்டாம் கம்பிலிருந்து மூன்றாம் கம்புக்கு ஓடினார். மாமா குறி பார்த்து அவருடைய முதுகின் நட்டநடுவில் எறிந்தார். ஃபோர்மன் குப்புற விழுந்தார். பொதியிடும் பகுதி முழுவதும் துள்ளிக் குதித்து ஆரவாரித்தது. மற்ற யாரும் ஆரவாரிக்கவில்லை என்பது எங்களுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. ஆட்டம் அத்தோடு நின்றது. அன்று மாலை மாமாவும் அப்பாவும் அம்மா உருட்டிப் பொரித்த ஒரு தட்டு ரோல்ஸோடு ஃபோர்மன் வீட்டுக்குப் போனார்கள். அவர் முதுகில் ஐஸ் வைத்துக்கொண்டு குப்புறப் படுத்தபடியே ரோல்ஸ் முழுவதையும் சாப்பிட்டதாக அப்பா வந்து சொன்னார்.

திரும்பி வந்த மாமாவிடம் நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். மாமி எப்ப வருவா?

இந்தக் கேள்வியை நான் தினமும் கேட்டேன். எனக்கு அதில் சொந்த அக்கறை இருந்தது. மாமியும் அவருடைய மகளான, என் வயதுடைய மச்சாளும் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் இருந்தார்கள். மாமா எங்களோடு இருந்தார். மச்சாள் வரப்போகிறாள் என்று எனக்கு இரண்டடுக்குக் கட்டில் வாங்கியிருந்தார்கள். மேல்தட்டில் நான் படுத்தேன். கீழ்த்தட்டில் மெத்தை, விரிப்பு, பூப்போட்ட தலையணை எல்லாம் தயாராக இருந்தன. அகதியாக ஏற்கப்பட்டவர் மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொள்ளலாம் என்று இந்த நாட்டுச் சட்டம் சொன்னது. மாமா ஏற்கப்பட்டிருந்தார், விண்ணப்பமும் போயிருந்தது, பதில் மட்டும் வரவில்லை. அவரைப் போன்றவர்களின் விண்ணப்பங்கள் தலைநகரில் வேண்டுமென்றே தொடாமல் வைக்கப்பட்டிருந்தன என்பதும், அதற்குத் தமிழர் வழக்கு என்று பெயர் வந்து ஓர் அரசே அதனால் விழுந்தது என்பதும் பின்னால் நடந்த கதை. அப்போது எங்கள் வீட்டில் தெரிந்தது, தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போகிறார் என்பது மட்டும்.

களைத்துப்போயிருந்த மாமா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னார்.

"நாங்கள் கப் அடிக்கிற அண்டைக்கு மாமி வந்திடுவா, பிள்ளை."

அப்பா அவரைப் பார்த்தார். மாமா அப்பாவைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து நான் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். விடை கிடைத்துவிட்டதே.

இரண்டாம் வருடம் நாங்கள் மரியாதையால் தோற்றோம். ஃபோர்மனின் முதுகை நினைத்து நினைத்து எங்கள் ஆட்கள் பந்தை எறியவே கூச்சப்பட்டார்கள். பூசைக்குப் பூ வைப்பதுபோல் பந்தை எடுத்து நீட்டினார்கள். எதிர் அணிக்காரர் ஓடி வரும்போது வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ஒருவர் மன்னிப்பும் கேட்டார். சுருட்டுக்காரப் பெண்மணி மைதானத்தின் நடுவில் நின்று டேனிஷ் மொழியில் எல்லோரையும் திட்டினார். நான் கோட்டுக்கு வெளியே நின்று தமிழில் அதையே செய்தேன். வீட்டுக்கு வந்து கீழ்த்தட்டு விரிப்பை உதறி மறுபடி விரித்தேன்.

அடுத்த வருடத்தை நான் என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். சமையலறை அலமாரியில் கோப்பிப் பேணிக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளையாரிடம் சொல்லிவைத்தேன். பள்ளிக்கூடத்தில் யேசுவைப் பற்றிச் சொல்லித்தந்தபோது அவரிடமும் தனியாகச் சொல்லிவைத்தேன். ஒருவரிடம் சொன்னதை மற்றவரிடம் மறைத்தேன். பனி உருகியதும் மாமாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த புல்வெளிக்குப் போனேன். நான் எறிய அவர் அடித்தார். பந்து தேடி ஓடியதில் என் கால் முழுவதும் முட்கீறல். வசந்தம் முடிவதற்குள் அணி முழுவதும் அங்கே வரத் தொடங்கியது. ஒரு மாலை ஃபோர்மனே சைக்கிளில் வந்து வேடிக்கை பார்த்தார். மாமா எறிந்த விதத்தைப் பார்த்துத் தலையை ஆட்டி, முதல் வருடம் என் முதுகுக்கு எறிந்த மாதிரி எறி, ஆனால் என் முதுகுக்கு அல்ல, என்றார்.

விழா நாள் விடிந்தது. அம்மாவுக்கு ரோல்ஸ் உருட்ட மேசை வேண்டும். மாமா அதே மேசையில் கம்பளியை விரித்து வெள்ளைச் சேட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தார்.

"மண்ணில விழுந்து உருளப் போறவனுக்கு அயன் பண்ணின சேட்டு என்னத்துக்கடா?" என்று அம்மா கேட்டார். "பந்தைப் பொம்பிளை பாக்கப் போறியோ?"

மாமா கொலரை இன்னொரு தரம் அழுத்தித் தேய்த்தார். சேட்டை ஹாங்கரில் மாட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் உறையைப் போட்டு, காரின் பின் கண்ணாடி ஓரத்தில் தொங்கவிட்டார். ரோல்ஸ் சட்டியோடு பின்னால் ஏறிய நான் அதைக் கசக்காமல் இருக்க ஒதுங்கி உட்கார வேண்டியிருந்தது.

அந்த ஆட்டத்தை இன்றும் என்னால் பந்து பந்தாகச் சொல்ல முடியும். களஞ்சியப் பகுதி முந்தியது, நாங்கள் எட்டிப் பிடித்தோம், அவர்கள் மறுபடி முந்தினார்கள். சுருட்டுக்காரப் பெண்மணி காற்றில் தாவி ஒரு பந்தைப் பிடித்தார், சுருட்டும் வாயில் இருந்தது. கடைசியில் நிலைமை இதுதான்: அவர்கள் ஓர் ஓட்டம் முன்னால். எங்கள் பக்கத்தில் அடிப்பதற்கு மிஞ்சியவர் மாமா ஒருவர். மூன்றாம் கம்பில் அப்பா நிற்கிறார். இருவரும் வீட்டுக்கோட்டைத் தாண்டினால் கோப்பை எங்களுக்கு. ஒருவர் அகப்பட்டாலும் இல்லை.

அப்பா மரச்சப்பாத்தோடு நின்றார். தொழிற்சாலை கொடுத்த சப்பாத்து அது. விளையாட்டுச் சப்பாத்து வாங்குவது வீண் செலவு என்பது அவருடைய உறுதியான கருத்து.

ஃபோர்மன் எறிந்தார். மாமா அடித்தார். அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பந்து பேர்ச் மரங்களுக்கு மேலாகப் போய் அடுத்த உருளைக்கிழங்குத் தோட்டத்தில் விழுந்தது. களஞ்சியக்காரர்கள் வேலியைத் தாண்டிக் குதித்தார்கள். அப்பா ஓடத் தொடங்கினார். பாதி வழியில் அவருடைய ஒரு சப்பாத்துக் கழன்றது. அப்பா நின்றார். திரும்பினார். அதை எடுப்பதற்காகத் திரும்பி நடந்தார்.

"அத்தான், விடுங்கோ அதை!" என்று மாமா முதல் வளைவிலிருந்து கத்தினார்.

"கொம்பனிச் சாமான் எல்லோ," என்று அப்பா குனிந்தபடியே சொன்னதை மைதானமே கேட்டது.

தோட்டத்திலிருந்து பந்து ஒருவர் கைக்கு வந்தது, அங்கிருந்து வேலியோரம் நின்ற இன்னொருவர் கைக்குப் போனது. மாமா இரண்டாம் கம்பைக் கடந்தார், மூன்றாம் கம்பையும் கடந்தார், நிற்கவில்லை. சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டிருந்த அப்பாவை இடுப்போடு அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. தொண்டை அடுத்த கிழமை வரை கட்டியிருந்தது. பந்து ஃபோர்மனின் உயர்த்திய கையை நோக்கிப் பறந்து வந்தது. மாமாவும் அப்பாவும் சப்பாத்தும் ஒரே குவியலாக வீட்டுக்கோட்டின்மேல் விழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் பந்து ஃபோர்மனின் கையில் விழுந்த சத்தம் கேட்டது. அவர் பந்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், பிறகு பந்தை மெதுவாகப் புல்லில் போட்டுவிட்டுத் தன் தொப்பியைக் கழற்றினார்.

எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். பியர் திறந்தார்கள். ரோல்ஸ் சட்டி களஞ்சியப் பகுதி வரைக்கும் போனது. நான் கோப்பையை வாங்கிக்கொண்டு நேரே காருக்குப் போய் முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தேன். தேடி வந்த மாமாவிடம், பில்லுண்டுக்குப் போக வேண்டும், பிளேன் இறங்கியிருக்கும் என்றேன்.

மாமாவுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்த அப்பா அதைக் கேட்டார்.

"மச்சான், பிள்ளைக்கு உண்மையைச் சொல்லு," என்றார்.

மாமா என் மடியில் இருந்த கோப்பையைப் பார்த்தார். பிறகு சுற்றிவந்து சாரதி ஆசனத்தில் ஏறிக் காரைத் திருப்பினார்.

பில்லுண்ட் விமான நிலையம் அருகில்தான். வழி முழுவதும் நான் ஆட்டத்தை அவருக்கே திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். தரிப்பிடத்தில் அவர் மண் அப்பிய பனியனைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சேட்டைப் போட்டார். பக்கக் கண்ணாடியில் குனிந்து சீப்பால் தலை இழுத்தார், வகிடு சரியில்லை என்று கலைத்து மறுபடி இழுத்தார். மாமியைப் பார்க்கப் போகிறவர் அப்படித்தானே செய்வார் என்று எனக்குப் பட்டது.

உள்ளே, வந்து இறங்குவோரை வரவேற்க டேனியர்கள் சின்னச் சின்னக் கொடிகளோடு நின்றார்கள். ஒரு பெண் எனக்கும் ஒன்று தந்தார். கதவு திறந்தது. ஸ்பெயினிலிருந்து வந்த விமானம். வைக்கோல் தொப்பிகளும், வெயிலில் சிவந்த மூக்குகளும், தோல் உரிந்த தோள்களுமாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நான் ஒரு கையில் கோப்பையும் மறு கையில் கொடியுமாக ஆட்டிக்கொண்டே இருந்தேன். மாமா என் பக்கத்தில் நின்று, வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டியும் பார்த்தார். கடைசியாக விமானப் பணியாளர்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். கதவு மூடியது. கொடிக்காரர்கள் கலைந்தார்கள்.

மாமாவின் முகத்தைப் பார்த்து எனக்கு இரக்கமாக இருந்தது. நான் அவரைத் தேற்றினேன்.

"மாமி பிளேனை விட்டிட்டா போல. வாற வருசமும் அடிப்பம் மாமா."

"ஓம்," என்றார். "அடிப்பம்."

நாங்கள் அடிக்கவில்லை. அடுத்த வருடம் கோப்பை களஞ்சியப் பகுதிக்கே திரும்பியது. அதற்கடுத்த வருடம் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் தலைநகருக்கு அருகே அல்பர்ட்ஸ்லுண்ட் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள், அணி திரளவில்லை. மாமியும் மச்சாளும் வந்தது ஒரு பனிக்காலத்து வேலை நாளில். செய்தி கிடைத்ததும் மாமா இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் தூள் படிந்த வேலை உடுப்போடேயே கோபன்ஹேகனுக்குக் கார் ஓட்டினார். கீழ்த்தட்டில் மச்சாள் படுத்தபோது அவளுடைய கால் கட்டிலுக்கு வெளியே நீண்டது.

அன்று விமான நிலையத்துக்கு மாமா என்னை ஏமாற்றுவதற்காகவே கூட்டிப் போனார், குழந்தையின் மனம் நோகாமல் ஒரு நாடகம் ஆடினார் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். அதற்காக அவரை மன்னித்தும் இருந்தேன். அந்த வெள்ளைச் சேட்டை நான் கணக்கில் எடுக்கவில்லை. விமான நிலையத்துக்குப் போகலாம் என்று நான் சொன்னது ஆட்டம் முடிந்த பிறகுதான். சேட்டு காலையிலேயே, முதல் பந்து அடிபடுவதற்கு முன்பே, என் தோளை உரசிக்கொண்டு காரில் தொங்கியது.