கம்பு ஒன்று, பெங்களூருக்கு

ஜோலார்பேட்டையிலிருந்து தொண்ணூறு மைல். பெங்களூர் கன்டோன்மென்டில் இறங்கியபோது காலை ஏழேகால். பல் கிடுகிடுக்கும் குளிர். ரயிலின் சாமான் பெட்டியான பிரேக் வேனைத் திறந்து பார்த்ததும் அதுகூட மறந்துபோயிற்று. பார்சலில் போட்ட எங்கள் கம்பு அதில் இல்லை.

என் மனைவியின் தம்பி முனிரத்தினம் டெகாத்லான் வீரன். இரண்டு நாளில் பத்துப் போட்டி: ஓட்டம், தாண்டல், எறிதல். ஆறு வருஷமாக ஆடுகிறான். ஒரு தடவையாவது பத்தையும் முடித்தானா? இல்லை. ஒரு வருஷம் கம்பு முறிந்தது, மறு வருஷம் கணுக்கால். இதுவே கடைசி என்று என் மனைவியிடம் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தான். கம்பு ஊன்றித் தாண்டுவது மறுநாள் பகலில். தன் மூங்கிலைத் தவிர வேறெதையும் அவன் கை நம்பாது.

"நாளைக்கு வாங்க, பாக்கலாம்" என்றார் பார்சல் குமாஸ்தா. அன்றைய ஐந்தையும் முனி முடித்தான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அதே குமாஸ்தா என் ரசீதை வாங்கிப் படித்தார்.

"இன்னா சார், 'கம்பு, ஒன்று'ன்னு போட்டிருக்கு! தானியமெல்லாம் கூட்ஸ்லதான் வரும். சிட்டி ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டுக்குப் போங்க."

அட கடவுளே! ஜோலார்பேட்டையில் "கம்பு ஒண்ணு" என்று சொன்ன வாய் என்னுடையதுதான். அங்கேயே என்னை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஷெட்டில் என் முறை வருவதற்குள் மணி பன்னிரண்டரை. ஒரு கூலியாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "காலையிலேர்ந்து கம்பு மூட்டைய தேடறோம் சாமி. இந்த மூங்கிலத் தாண்டித் தாண்டிதான் தேடினோம்!"

மைதானம் மூன்று மைல். ஜட்காக்காரர் ஒரு ரூபாய் கேட்டார். பேரம் பேசாமல் ஏறினேன். வண்டிக்கு முன்னும் பின்னும் மூங்கில் நீட்டிக்கொண்டிருந்தது.

"அரே சாமி, குதிரை கண்ணக் குத்திடாதீங்க!"

ஒன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். தடை ஓட்டமும் வட்டெறிதலும் முடித்திருந்த முனியின் பெயரை, கம்புத் தாண்டலுக்கு இரண்டாம் முறை கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் கம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். ஒன்பதரை அடி தாண்டினான். அப்பாடா!

பிறகு ஈட்டி எறிந்தான். கடைசியாக ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம். எல்லாரும் முடித்த பின்னும் அவன் மட்டும் நொண்டியபடி வந்துகொண்டிருந்தான். கோட்டைத் தாண்டிப் புல்லில் விழுந்தான். மொத்தத்தில் ஐந்தாம் இடம்.

ஓடிப்போய்த் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன்.

"மாமா, பத்தும் ஆச்சா?"

"ஆச்சுடா."

"எண்ணிப் பாத்தியா?"

விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். பத்தாவது விரலை அவன் பிடித்துக்கொண்டான். வெகுநேரம் விடவே இல்லை.