குரல்: இந்த வீடு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுப் பேய் ஒரு இசை அல்பத்தில் பாடியிருந்தது. கலைஞர்களின் பட்டியலில் அதற்கு முறைப்படி இடமும் கொடுத்திருந்தார்கள். இதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. சீடியைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகு இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு விளையாட வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஊரை விட்டு வந்து குடியேறிய நகரத்தில், மவுண்ட் ஆல்பர்ட் என்ற பகுதியில், ரயில் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு பழைய மரவீட்டின் பாதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். மற்றப் பாதியில் நாலு பேர் கொண்ட இசைக்குழு ஒன்று இருந்தது. நடுவில் வெறும் பலகைச் சுவர். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் அப்பா 'பிளெஸ் யூ' சொல்லுவார். அவர்கள் வாசித்தது கெல்டிக் ஃபோக் ரொக். அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் முப்பாட்டன் காலத்தில் பாடிய பாட்டுகளை எடுத்து, வயலினோடும் பைப்போடும் ட்ரம்ஸையும் எலக்ட்ரிக் கிற்றாரையும் சேர்த்து, பொப் பாட்டுக்கு ஆடுகிறவர்களையும் ஆடவைத்துவிடுவார்கள். அந்த வருடம் தங்கள் முன்னறையிலேயே அல்பத்தைப் பதிவு செய்தார்கள். பகல் ஒரு மணிக்குத் தொடங்கினால் ஐந்து மணிவரை சுவர் அதிர்ந்துகொண்டிருக்கும்.

அந்த நேரத்தில், நான் பள்ளிக்கூடத்தால் வரும்வரை, எங்கள் பக்கத்தில் மாமி மட்டும்தான் இருப்பார். மாமி என்றால் அம்மாவின் தம்பியின் மனைவி. மாமா, ஊரில் யுத்தம் முடிந்த கிழமையில் ராணுவத்திடம் சரணடையப் போனவர்களின் வரிசையில் நின்றவர். அதற்குப் பிறகு அவரைக் கண்டதாகச் சொல்ல ஒருவரும் இல்லை. அம்மா எப்படியோ பாடுபட்டு மாமியை இங்கே கூப்பிட்டுவிட்டார். தம்பி வரும்வரை அவன் பெண்சாதியைப் பத்திரமாக வைத்திருப்பது தன் பொறுப்பு என்று நினைத்தார். வரவேற்பறையில் மாமாவின் படம் இருந்தது. செத்தவர்களின் படத்துக்குத்தான் மாலை போடுவார்கள் என்பதால் அதற்கு மாலை கிடையாது. வருடாவருடம் அவருக்குப் பிறந்தநாள் கேக் வெட்டினோம், மெழுகுதிரியை நான் ஊதினேன். மாமிக்குப் பூப்போட்ட சட்டைகளாகப் பார்த்து அம்மா வாங்குவார். மாமியும் அவற்றைப் போட்டுக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு இருந்தார். அவர் அழுது நான் கண்டதே இல்லை.

அல்பம் வெளிவந்ததும், இரைச்சலைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றியாக வயலின்காரி ஒரு சீடியும் சொக்லேட் பெட்டியும் கொண்டுவந்தார். வீட்டில் அப்போது நான்தான் மொழிபெயர்ப்பாளர் என்பதால் என்னிடமே எல்லாம் சொன்னார். நாலாவது பாட்டைக் கவனமாகக் கேள் என்றார். கடலுக்குப் போன கணவனை நினைத்து ஒருத்தி பாடும் பழைய பாட்டு அது. நடுவில் எல்லா வாத்தியங்களும் சட்டென்று நிற்கும். நின்ற இடத்தில் ஒரு குரல் கேட்கும். தங்களில் யாரும் அதைப் பாடவில்லை என்றார். நூறு வருட வீடு, எத்தனையோ பேர் இருந்து செத்த வீடு, வீடே பாடியிருக்கிறது என்றார். சொல்லும்போது அவர் கையில் மயிர் சிலிர்த்து நின்றது. சீடியோடு வந்த தாளில் நாலு பெயர்களுக்கும் கீழே 'குரல்: இந்த வீடு' என்று அச்சடித்திருந்தார்கள்.

அன்று பின்னேரமே போட்டுக் கேட்டேன். ட்ரம்ஸ் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பலகைக்குள் இருந்து வருகிற மாதிரி, மெல்லிதாக, இழுத்து இழுத்து ஒரு பெண்குரல். இரண்டு மூச்சுத்தான். அதற்குள் ட்ரம்ஸ் வந்து மூடிவிட்டது. செத்தபின் பாவம் தீரும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கும் ஆத்துமாக்களைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் படித்திருந்தேன். அதற்கு மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு கிளை இருக்குமென்று யாரும் சொல்லித் தரவில்லை. அதற்குப் பிறகு நான் குளியலறைக்குப் போகும்போதெல்லாம் மாமி கதவுக்கு வெளியே நிற்கவேண்டி வந்தது. "பயப்பிடாதை குஞ்சு, நான் நிக்கிறன்" என்று அவர் உள்ளே கேட்கும்படி சொல்லிக்கொண்டே நிற்பார்.

பயம் இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு நாள் சொற்கள் பிரிந்து காதில் விழுந்தன. "என்ர ராசா" என்றது பேய். யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒரே ஒரு விளக்கம்தான் கிடைத்தது. சுவருக்குள் இருந்தபடி எங்கள் வீட்டுக் கதைகளைக் கேட்டுக் கேட்டு அது தமிழ் படித்துவிட்டது. எதைக் கேட்டாலும் இங்கிலிஷில் பதில் சொல்லும் என்னைவிட அதற்கு அக்கறை இருந்திருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா மீன் பொரிக்க, மாமி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் சீடி பிளேயரைக் குசினிக்கே தூக்கிக்கொண்டு போய், பேய்க்குத் தமிழ் தெரியும் என்று அறிவித்தேன்.

"அப்ப உனக்கும் படிப்பிக்கச் சொல்லு" என்று அம்மா சிரித்தார்.

சத்தத்தைக் கூட்டினேன். ட்ரம்ஸ் நின்றது. குரல் வந்தது. அம்மா அடுப்பை அணைத்தார்.

"திருப்பிப் போடு."

மூன்று தரம் போட்டேன். அம்மாவின் முகத்தில் பேய்ப் பயம் தெரியவில்லை. தெரிந்தது என்னவென்று எனக்குப் புரியவில்லை, ஆனால் பேயைவிட அதற்குத்தான் நான் பயந்தேன்.

"மச்சாள்," என்றார் அம்மா மெதுவாக. "உயிரோட இருக்கிற மனுசனுக்கு ஆரும் ஒப்பாரி வைப்பினமே?"

மாமி வெங்காயத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவன் வாற வழியையெல்லோ அடைச்சுப் போட்டாய்."

எங்கள் மன்னார்ப் பக்கத்தில் ஒப்பாரி செத்தவருக்கு மட்டும்தான். இருக்கிறவருக்கு வைப்பது அவரைச் சாகச் சொல்வதற்குச் சமம். பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தக் குரல் நன்றாகப் பிடித்திருக்கிறது, ஒருவரும் கோபிக்கவில்லை என்று நான் எடுத்துச் சொன்னேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை அப்பா மாமியைக் காரில் ஏற்றி, நகரின் மறுகோடியில், பாபடோயிட்டோயில், மன்னார்ப் பெண்கள் இரண்டு பேர் இருந்த வீட்டில் கொண்டுபோய் விட்டார். அம்மா வாசலுக்கு வரவில்லை. நான் அழுதேன். குற்றம் என்னுடையது என்று தெரிந்தது, என்ன குற்றம் என்றுதான் தெரியவில்லை. நான் பிடித்துக்கொடுத்தது ஒரு பேயை.

மாமி போனபிறகு, ஐந்து மணிக்கு அப்பா வந்து கூட்டிப்போகும்வரை பள்ளிக்கூடத்திலேயே இருந்தேன். ஒரு வியாழக்கிழமை அங்கே தண்ணீர்க் குழாய் உடைந்து எங்களை முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள். சிநேகிதியின் தாய் என்னை வீட்டு வாசலில் இறக்கி, அம்மா நிற்கிறாரா என்று கேட்டார். அம்மா ஒடாஹுஹுவில் முதியோர் இல்லத்தில் வேலையில் இருப்பார் என்று தெரிந்தும் ஓம் என்று பொய் சொன்னேன். பூச்சட்டிக்குக் கீழே இருந்த திறப்பை எடுத்துப் பின்கதவைத் திறந்து உள்ளே போனேன்.

பக்கத்தில் அதே நாலாவது பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார்கள். நடையில் தரை அதிர்ந்தது. மாமியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. ட்ரம்ஸ் நின்றது.

சாத்திய அறைக்குள் இருந்து குரல் வந்தது.

இந்த முறை இரண்டு மூச்சோடு அது நிற்கவில்லை. ட்ரம்ஸ் திரும்ப வந்த பிறகும் அதற்கு மேலால் ஏறி ஏறி வந்தது. முன்பு 'ராசா' என்று அழைத்த பேய் இப்போது 'என்ர தம்பி, என்ர தம்பி' என்றது. புத்தகப் பையைப் போட்டுவிட்டு வீதிக்கு ஓடி, தபால் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

நெடுநேரம் கழித்து முன்கதவு திறந்தது. வேலை உடுப்போடு, முகம் கழுவிய ஈரத்தோடு அம்மா நின்றார். என்னைத் தாண்டாமல் அவர் எப்படி வீட்டுக்குள் போனார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு சொன்னேன். பேய் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, நான் கேட்டேன், அது மாமி இல்லை, மாமி ஒன்றும் செய்யவில்லை.

அம்மா என் தலையைத் தடவினார்.

"ஓம் பிள்ளை," என்றார். "மாமியில பிழையில்லை."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாபடோயிட்டோய்க்குப் போய் மாமியைக் கூட்டிக்கொண்டு வந்தோம். அம்மாவும் மாமியும் பின்னால் இருந்தார்கள். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் முன் சீட்டில் இருந்து, அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் குழாய் உடைந்திராவிட்டால் உண்மையான பேயை ஒருவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள், மாமியும் தப்பியிருக்க மாட்டார் என்று வழி நெடுக விளக்கிக்கொண்டு வந்தேன். திரும்பிப் பார்த்தபோது மாமியின் மடியில் தலை வைத்து அம்மா படுத்திருந்தார். வேலைக் களைப்பாக்கும் என்று நினைத்து, அவர் நித்திரை குழம்பாமல் இருக்கக் குரலைத் தாழ்த்திக்கொண்டு மிச்சக் கதையைச் சொன்னேன்.