இருபது வருடப் பாசி

சிட்னியின் ஜப்பானியத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, கல்விளக்கில் படிந்திருந்த பாசியைப் பளிச்சென்று சுரண்டிவிட்டேன். மேற்பார்வை பார்க்கும் ஜப்பானியர் தலையில் கை வைத்துக்கொண்டார். “பாசிதான் இந்தத் தோட்டத்துக்கு அழகு. இருபது வருடம் காத்து வளர்த்தோம்.”

விரல்களில் ஈரப்பாசியின் மணம். யாழ்ப்பாணத்து வீட்டில் அப்பா சனிக்கிழமைதோறும் தேங்காய்ப் பொச்சால் கிணற்றடிப் பாசியை உரஞ்சுவார். எனக்குப் பத்து வயதில், ஷெல்லடிக்குப் பயந்து ஊரே ஓடிய காலையிலும் உரஞ்சிக்கொண்டு நின்றார்.

“இஞ்சேருங்கோ, விட்டுட்டு வாங்கோ!” என்று அம்மா கத்தினார்.

“திரும்பி வரேக்கை வழுக்குமெல்லே?”

அன்று எங்கள் ஊரைப் பிடித்து ஆமி அடைத்த முள்வேலியை இன்னும் திறக்கவில்லை. அந்தக் கிணற்றடியிலும் இப்போது இருபது வருடப் பாசி. அதைச் சுரண்டத்தான் கை பரபரக்கிறது.