ரைலியின் கழுத்துச் சிவப்பு

வெய்க்கோ ஹார்த்திக்காய்னன் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து காலணியைக் கழற்றியதும் செய்கிற முதல் காரியம் ஜன்னல் திரையை இழுத்து மூடுவதுதான். எங்கள் வடகோடி ஊரான குவோப்பியோவில் நவம்பர் மாதம் கிடைக்கிற வெளிச்சமே கொஞ்சூண்டு, அதையும் ஒருத்தர் வந்து மூடுகிறாரே என்று வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். வெய்க்கோ அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. புது டிவிக்கு நிறம் சரிசெய்ய இருட்டு வேண்டும், ஒரு மணி நேரம் வேண்டும், பக்கத்தில் யாரும் தொணதொணக்காமல் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது எங்கள் நாட்டில் கேட்காமலேயே கிடைத்துவிடும்.

கடையில் டிவியை நீலம் பூத்து, கண்ணைப் பறிக்கிற மாதிரி வைத்திருப்பார்கள். பக்கத்தில் எரிகிற நாற்பது டிவியோடு போட்டி போட வேண்டுமே! அதை அப்படியே கொண்டுவந்து வீட்டில் மாட்டினால், செய்தி வாசிக்கிறவர் பனி ஏரியில் விழுந்து எழுந்தவர் போல வெளிறித் தெரிவார். வெய்க்கோ டிவித் திரையின் நடுவில் நிறம் அளக்கும் ஒரு சின்ன மீட்டரைத் தொங்கவிடுவார். மடிக்கணினியைத் திறந்து சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என்று கட்டம் கட்டமாக ஓடவிடுவார். மீட்டர் காட்டும் எண்களைப் பார்த்துப் பார்த்துத் திருத்துவார். எல்லாம் முடிந்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டால், அவர் தவறாமல் ஒரே குறையைத்தான் சொல்வார்: “மஞ்சளா இருக்கே?”

“கண்ணை நம்பாதீங்க,” என்பார் வெய்க்கோ. “கண்ணுக்கு ஞாபகசக்தியே கிடையாது. நேத்துப் பார்த்ததைத்தான் சரின்னு சொல்லும். மீட்டர் பொய் சொல்லாது.”

இப்படி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர், மீட்டரைக் கழற்றிப் பையில் வைத்த பிறகு, சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து டிவியில் செருகுவார். அதில் நாற்பது நொடிப் படம் ஒன்று இருந்தது. ஏரிக்கரையில் மரப்பலகைப் பாலத்தில் ஒரு பெண் உட்கார்ந்து ஸ்ட்ராபெரி தின்கிறாள். வெள்ளைச் சட்டை, பின்னால் பூர்ச்ச மரத்து இலைகள், அதற்கும் பின்னால் தண்ணீர். ஏதோ கேட்டுச் சிரிக்கிறாள். மறுபடியும் ஸ்ட்ராபெரி தின்கிறாள். சத்தம் கிடையாது.

“சோதனைப் படம்,” என்பார் வீட்டுக்காரரிடம். “தோல் நிறம் சரியா விழுதான்னு பார்க்கணும்ல.”

அந்தப் பெண் அவர் மனைவி ரைலி. இறந்து ஆறு வருஷம் ஆகிறது.

ஒரு நாளைக்கு மூன்று வீடு. மூன்று வீட்டிலும், ஊரிலேயே பெரிய, ஊரிலேயே நல்ல திரையில், மனைவியைப் பார்த்துவிட்டு வருவார். யாருக்கும் தெரியாது. இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். வெய்க்கோவுக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. ரைலியின் வாசனை முதல் குளிர்காலத்திலேயே போய்விட்டது. குரல் மூன்றாம் வருஷம் மங்கியது. மிச்சம் இருப்பது முகம். அதுவும் போய்விட்டால் தான் யாரோடு முப்பத்தோரு வருஷம் வாழ்ந்தோம் என்று தனக்கே தெரியாமல் போய்விடும் என்று பயந்தார். அதனால்தான், ஓய்வூதியம் வாங்குகிற வயது தாண்டியும், தொம்மி என்ற கடை மேலாளருக்குக் கீழே அந்த வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தொம்மி கொஞ்சம் பிடுங்கல் பேர்வழி. நிறம் சரிசெய்யப் போகிற இடத்தில் அப்படியே ஐந்து வருஷக் கூடுதல் வாரண்டியும் விற்றுவிட்டு வர வேண்டும் என்பது அவன் போட்ட சட்டம். வெய்க்கோவுக்கு விற்கவே வராது. “இடி விழுந்தா பணம் கிடைக்கும், கீழே போட்டு உடைச்சா கிடைக்கும், வேணுமா, வேண்டாம்ல?” என்று அவரே கேள்வியும் பதிலும் சொல்லிவிடுவார். ஆனால் அவர் வீட்டு டிவிக்குக் கூடுதல் வாரண்டி உண்டு. ரைலி தன் பெயரில் எடுத்தது. முடியப்போகிறது என்று வருஷா வருஷம் அவள் பெயருக்குக் கடிதம் வரும்: ‘அன்புள்ள ரைலி, உங்கள் பாதுகாப்பைத் தொடர விரும்புகிறீர்களா?’ வெய்க்கோ ‘ஆமாம்’ என்ற கட்டத்தில் குறி போட்டு அனுப்பிவிடுவார். அனுப்பாவிட்டால் அவள் பெயருக்கு வீட்டுக்குக் கடிதம் வருவதே நின்றுபோகும்.

அன்று திங்கட்கிழமை. பிற்பகல் இரண்டு மணிக்கே தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. புய்யோன்லாக்ஸோ பகுதியில் ஒரு மூன்றாவது மாடி வீடு. கதவைத் திறந்தது ஹில்க்கா என்ற எழுபத்தெட்டு வயது அம்மாள். தனியாக இருக்கிறவர். எங்கள் ஸாவோ வட்டாரத்துக்கே உரிய குறும்பு வாய்.

“வாப்பா, வா. திரையெல்லாம் மூடுவேன்னு கடையில சொன்னாங்க. அக்கம்பக்கத்துல என்ன பேசுவாங்கன்னு யோசிச்சியா? இந்த வயசுல எனக்கு ஒரு பேர் கிடைச்சா நல்லதுதான்.”

வெய்க்கோ ஜன்னல் திரையை மூடினார்.

“கண்ணுல புரை எடுத்துட்டாங்க, போன மாசம்,” என்று ஹில்க்கா தானே தொடர்ந்தார். “பத்து வருஷமா உலகத்தைக் காபியில முக்கி எடுத்த மாதிரிதான் பார்த்திருக்கேன். இப்பதான் என் சோபா நீலம்னே தெரியுது. அதான் பெரிய டிவியா வாங்கிட்டேன்.”

“வாரண்டி ஒண்ணு இருக்கு. கூடுதலா அஞ்சு வருஷம். வேண்டாம்ல?”

“அஞ்சு வருஷமா! ஏம்ப்பா, எனக்கு எவனாவது அஞ்சு வருஷம் குடுப்பானா? சரி, போட்டுக்கோ. டிவியாவது நிம்மதியா இருக்கட்டும்.”

வெய்க்கோவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த மாதத்தில் விற்ற முதல் வாரண்டி. அம்மாள் ஏலக்காய் ரொட்டியைச் சூடுபண்ணச் சமையலறைக்குப் போனார். ஒரு மணி நேரத்தில் மீட்டர் வேலை முடிந்தது. எண்கள் எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தன. வெய்க்கோ பென்டிரைவைச் செருகினார்.

ரைலி ஸ்ட்ராபெரி தின்னத் தொடங்கினாள். ஹில்க்கா ரொட்டித் தட்டோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

“அட, இது ரைலி மாதிரியே இருக்கே.”

வெய்க்கோ ரிமோட்டில் நிறுத்தும் பொத்தானைத் தேடினார்.

“ரைலியேதான்! ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல பதினெட்டு வருஷம் என் பக்கத்துல நின்னு போர்வை மடிச்சவளைத் தெரியாதா எனக்கு? இது எப்படி உன் கையில...” என்றவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “நீ வெய்க்கோ! கார்லயே உக்காந்திருப்பியே, அந்த வெய்க்கோ. மூணரைக்கு வருவே, இஞ்சினைக் கூட நிறுத்த மாட்டே. ஒரு நாளாவது உள்ள வந்திருக்கியா?”

“தொந்தரவா இருக்கும்னு...”

“யாருக்கு?”

ஹில்க்கா தட்டை வைத்துவிட்டு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

“பேப்பர்ல பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். ‘நெருங்கியவர்கள் முன்னிலையில் அடக்கம் முடிந்தது’ன்னு. எல்லாம் முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு. எத்தனை பேர் இருந்தீங்க?”

“அஞ்சு பேர். பாதிரியாரோட.”

“நாங்க எட்டுப் பேர் இருந்தோம்ப்பா. நாங்க நெருங்கினவங்க இல்லையா?”

எங்கள் ஊரில் அப்படித்தான் போடுவார்கள். யாருக்கும் சிரமம் கொடுக்கக் கூடாது, யாரும் வந்து அழக் கூடாது. அதை மரியாதை என்று வெய்க்கோ நினைத்திருந்தார். தன் மனைவியைத் தெரிந்த எட்டுப் பேரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியிருக்கிறோம் என்பது அன்று வரைக்கும் அவருக்கு உறைக்கவில்லை.

ஹில்க்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் கண்.

“ஆனா கலர் தப்பு.”

“இல்லைங்க,” என்றார் வெய்க்கோ. இந்த ஒரு விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். “மீட்டர் வெச்சுப் பார்த்தாச்சு. நூத்துக்கு நூறு.”

“உன் மீட்டருக்கு ரைலியைத் தெரியுமா? இப்படி மாவு பூசின மாதிரியா இருப்பா அவ? கழுத்துலேர்ந்து காது வரைக்கும் சிவப்பு. சிரிச்சா இன்னும் ஏறும். பீட்ரூட்டுன்னுதானே கூப்பிடுவோம். உன்கிட்ட சொன்னதில்லையா?”

வெய்க்கோ திரையைப் பார்த்தார். வழவழப்பான, வெளுத்த கழுத்து. ஆறு வருஷமாக, நாளைக்கு மூன்று தடவை பார்த்த கழுத்து. ரைலியின் கழுத்து இதுதான், வேறு எதுவும் அவர் நினைவில் இல்லை.

அப்போதுதான் அந்த ஞாபகம் வந்தது. மெல்ல வந்தது, வந்த பிறகு நிற்கவில்லை. ரைலியின் ஐம்பதாவது பிறந்தநாள். விருந்தில் எல்லோருக்கும் போட்டுக்காட்டத்தான் அந்தப் படத்தை எடுத்தார். அதைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்: “ஐயோ, வெய்க்கோ, கொதிக்கவெச்ச நண்டு மாதிரி இருக்கேன். நீதான் கலர்காரனாச்சே, இந்தச் சிவப்பை எடுத்துடேன்.” அவரும் இரண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து, முகத்தையும் கழுத்தையும் மட்டும் தனியாக வளைத்து, சிவப்பைத் துளித்துளியாக எடுத்தார். பழத்தில் கை வைக்கவில்லை, இலையில் கை வைக்கவில்லை. அவ்வளவு நுணுக்கமான வேலை. அவள் சந்தோஷப்பட்டுக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். இடம் அடைக்கிறது என்று பழைய படத்தை அவரே அழித்தார். பிறகு மறந்தேபோனார்.

“நான்தான் எடுத்தேன்,” என்றார். “அந்தச் சிவப்பை நான்தான் எடுத்தேன்.”

ஹில்க்காவுக்கு என்ன புரிந்ததோ, அவர் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினார். திரை ஓரத்தில் அமைப்புகள் திறந்தே கிடந்தன. கலர் என்ற இடத்தில் வைத்து அமுக்கத் தொடங்கினார். ஸ்ட்ராபெரி காரின் பின்விளக்கு போல எரிந்தது. இலை கண்ணைக் குத்தியது. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் வெய்க்கோ ரிமோட்டைப் பிடுங்கியிருப்பார். ஹில்க்கா அமுக்கினார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், இன்னும் இரண்டு தடவை அமுக்கினார், ஒன்று குறைத்தார்.

“இதோ. வந்துட்டா.”

வந்துதான் விட்டாள். காதுமடல் சிவந்து, கழுத்தில் திட்டுத்திட்டாகச் சூடு ஏறி, சலவைக்கூடத்து நீராவியிலிருந்து இப்போதுதான் வெளியே வந்து கார்க் கதவைத் திறக்கிறவள் மாதிரி. வெய்க்கோ அழுதார். அடுத்தவர் வீட்டில், காலுறையோடு நின்றுகொண்டு, சத்தமாக அழுதார். ஹில்க்கா தடுக்கவில்லை. காபியைக் கோப்பையில் ஊற்றி அவர் பக்கம் தள்ளினார்.

“நாளைக்குச் சாயங்காலம் சலவைக்கூடத்துப் பொண்ணுங்க எல்லாரும் வர்றாங்க. மிச்சம் ஆறு பேர்தான் இப்ப. இதைப் போட்டுக் காட்டலாம். நீயும் வாயேன்.”

“நாளைக்கு வேலை இருக்கு,” என்றார் வெய்க்கோ. சாயங்காலத்தில் ஒன்றும் இல்லை. “டிவியைப் பழையபடி சரியா வெச்சிட்டுப் போறேன்.”

“தொட்டே, பார்த்துக்கோ! இப்படியே இருக்கட்டும்.”

“செய்தி வாசிக்கிறவங்கல்லாம் சிவந்து தெரிவாங்க.”

“தெரியட்டுமே. வெக்கப்படுறாங்கன்னு நினைச்சுக்கறேன்.”

கடைக்குத் தர வேண்டிய தாளில் கடைசி அளவுகளை எழுத ஒரு பத்தி உண்டு. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக வெய்க்கோ அதைக் காலியாக விட்டார். பென்டிரைவை எடுத்துக்கொண்டு, காபிக்கு நன்றி சொல்லி, படி இறங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. தன் டிவியில் படத்தைப் போட்டார். அந்த மாகாணத்திலேயே அவ்வளவு சுத்தமாக நிறம் வைத்த டிவி வேறு இருக்காது. அதில் ரைலி மாவு பூசிய பொம்மை போல உட்கார்ந்திருந்தாள். வெய்க்கோ கலரை ஏற்றினார். ஐந்து ஏற்றினார், போதாது. பத்து, பதினைந்து. ஒரு கட்டத்தில் அவள் காய்ச்சல்காரி போலத் தெரிந்தாள். குறைத்தார். இப்போது யாரோ ஒரு பெண். மறுபடி ஏற்றினார். எங்கோ நடுவில், ஏதோ ஓர் எண்ணில் அவள் இருந்தாள். பன்னிரண்டா, பதினான்கா என்று அவருக்குத் தெரியவில்லை. மீட்டரை எடுத்து மேசைமேல் வைத்துப் பார்த்தார். அதில் என்ன அளப்பது? ஹில்க்கா வீட்டில் சில நிமிஷம் அவ்வளவு தெளிவாகப் பார்த்த முகம், ஏழு கிலோமீட்டர் கார் ஓட்டி வருவதற்குள் கலைந்துபோயிருந்தது.

மணி ஆறுதான் இருக்கும். வாரண்டிப் படிவத்தில் எண் இருந்தது. எங்கள் ஊரில் வேலை முடிந்த பிறகு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போன் போடுகிறவன் யாரும் இல்லை. வெய்க்கோ போட்டார். ஒரு டிவியின் எண் இன்னொரு டிவிக்கு உதவாது என்பது அவருக்குத் தெரியும், பதினாறு வருஷமாக அதை அவரே ஊருக்குச் சொல்லியிருக்கிறார்.

“நான் வெய்க்கோ பேசுறேன். கலர்... அந்தக் கலர் எவ்வளவுல வெச்சீங்க?”

“எவ்வளவுன்னா?”

“எண். திரையில ஓரமா ஒரு எண் காட்டும், பாருங்க.”

“எண்ணையெல்லாம் யாருப்பா பார்த்தா?” என்றார் ஹில்க்கா. “ரைலி மாதிரி ஆகுற வரைக்கும் அமுக்கினேன்.”

வெய்க்கோ ஒரு கையில் போனும் ஒரு கையில் ரிமோட்டுமாகத் திரை முன்னால் நின்றார். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டார்.