கொல்லத்தில் படித்தது தூத்துக்குடியில் செல்லுமா?

மாற்றல் கேட்டு வருகிறவர்கள் எந்தக் காகிதத்தைக் கொண்டுவரவில்லையோ, அதைக் கேட்பதற்கென்றே கல்லூரிகளில் ஆபீஸ் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். டி.சி.க்காக நின்று நின்று கால் கடுத்தவர்களே, உங்களை 'நாளைக்கு வாங்க' என்று அனுப்பிய ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவள் நான்தான். எழுபதுகளில், தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் அட்மிஷன் கிளார்க். திட்டுவதைத் திட்டிக்கொள்ளுங்கள். ஆனால் உள்ளே இருந்தவர்களும் கொஞ்ச நஞ்சப் பாடா பட்டோம்? ஒரே ஒரு ஃபைலை வைத்துச் சொல்கிறேன்.

பிஸ்கட் டின்

பிலோமினா கொல்லத்தில் அத்தை வீட்டில் தங்கி பி.எஸ்ஸி. விலங்கியல் முதல் வருஷம் முடித்தவள். அத்தை குடும்பம் பம்பாய்க்குப் போய்விட்டதால், சொந்த ஊருக்கே வந்து இரண்டாம் வருஷம் சேர வேண்டும். ஒரு பிஸ்கட் டின் நிறையக் காகிதம் கொண்டுவந்தாள். டி.சி., மார்க் லிஸ்ட், அட்டெண்டன்ஸ், நன்னடத்தை, அம்மை குத்திய சீட்டு, ஞானஸ்நானச் சீட்டு வரை இருந்தது. பல்கலைக்கழகம் மாற அனுமதிக்கும் மைக்ரேஷன் சர்டிபிகேட் மட்டும் இல்லை. நான் அதைத்தான் கேட்டேன். கேட்கும்போது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்குள் முழு ஃபைலும் பல்கலைக்கழகம் போகாவிட்டால் மறுபடி முதல் வருஷம்தான் என்று விதியை வாசித்தேன். அவளுடைய தங்கை ரெஜினா போன வாரம்தான் எங்கள் கல்லூரியிலேயே, அதே விலங்கியலில், அதே முதல் வருஷத்தில் சேர்ந்திருந்தாள். எனக்கும் ஒரு தங்கச்சி உண்டு. பிலோமினா சொன்னதைக் கேட்ட நிமிஷமே அவள் கட்சிக்கு மாறிவிட்டேன்.

"அக்கா, இன்னைக்குக் காலையிலகூட அவளுக்கு நான்தான் சடை பின்னி விட்டேன். நாளைக்கு அவ பக்கத்துல உக்காந்து, அவ நோட்டைப் பாத்து எழுதச் சொல்லுதீங்களா?"

தண்டல் வந்தார்

கொல்லத்துக்கு மூன்று தந்தி அடித்தோம். பதில் வரவில்லை. அவளுடைய அப்பா வந்தார். கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டும் தண்டல். கடலில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை; ஜன்னலில் அவர் மெதுவாகப் பேசியதே பிரின்சிபால் அறைக்குக் கேட்டது. வேறு பல்கலைக்கழகப் படிப்பு என்றால் சமானம் பார்க்க வேண்டும், அதற்குக் கமிட்டி உண்டு என்று நானும் பொறுமையாக விளக்கினேன். அவர் என்னைவிடப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இங்கன ஏத்துன வெங்காயத்தைக் கொழும்புல இறக்குதேன். எவனாவது 'இது தூத்துக்குடி வெங்காயம், செல்லாது'ன்னு சொல்லுதானா? எம்புள்ள படிச்சது மட்டும் செங்கோட்டை எல்லை தாண்டுனா அழுகிப் போயிருமோ?"

ஒரு பெருக்கல் குறி

மைக்ரேஷன் சர்டிபிகேட் ஒருவழியாக வந்தது, கடைசி வாரம் திங்கட்கிழமை. துள்ளிக் குதித்துக்கொண்டு விலங்கியல் பேராசிரியரிடம் ஓடினேன். கும்பகோணத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் வாயில்லாப் பூச்சியானாலும் இடுக்கியால்தான் தொடுவார். இரண்டு பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் ஒரு பெருக்கல் குறி போட்டார். எங்கள் முதல் வருஷ செய்முறையில் முத்துச் சிப்பி. கொல்லத்தில் ஆற்றுச் சிப்பி. குறைபாடு! அவள் முத்துச் சிப்பியை அறுத்துக் காட்டினால்தான் கையெழுத்து.

எனக்கு வந்த கோபத்தில் பேனா மூடியைக் கடித்தே உடைத்துவிட்டேன். ஹெட்கிளார்க் அண்ணாச்சி ஆத்தூர்க்காரர், வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுத்தான் எதையும் சொல்வார். ஒதுக்கினார், சொன்னார்.

"ரெண்டுக்கும் வெளிய ஓடு, உள்ள சதை. இதுல குறைபாடு சிப்பிக்கா, நமக்காம்மா?"

இரண்டே இரண்டு

முத்துக் குளிப்பு நின்றுபோய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. சிப்பிக்கு எங்கே போவது? மீன்துறைக்குக் கடிதம் எழுதி, நேரில் போய்க் கெஞ்சி, உயிரோடு இரண்டு வாங்கினேன். புடவை நனைய நனைய உப்புத்தண்ணீர் வாளியை நானே பஸ்ஸில் சுமந்துவந்தேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை. ஆய்வகத்தில் பேராசிரியர், அட்டெண்டர் சவரி, ஹெட்கிளார்க் அண்ணாச்சி, நான், வாசலில் தண்டல், அவர் முதுகுக்குப் பின்னால் ரெஜினா.

பிலோமினா கத்தியை நுழைத்தாள். கண் மூடித் திறப்பதற்குள் சிப்பி திறந்துவிட்டது. அடுத்து ஓட்டை ஒட்டிய மேன்டில் தோல், செவுள் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட வேண்டும். பிள்ளை என்ன செய்தது தெரியுமா? கட்டைவிரலை உள்ளே விட்டுச் சதையை ஒரு சுற்று வழித்துப் பார்த்தது! இந்தக் கரையில் சிப்பியைத் திறந்த எந்தக் கையும் முதலில் அதைத்தான் செய்யும். செவுள் கூழாகிவிட்டது. பாதிப் பரீட்சை போச்சு. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள், கண்ணில் தண்ணீர். ஆனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாங்கள் எல்லோருமே மேஜை மேல் கவிழ்ந்து சிப்பிக்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். "என்னம்மா தேடறே?" என்று பேராசிரியர் அதட்டினார். அதற்குப் பதில் சவரியிடமிருந்து வந்தது.

"அது கெடக்கட்டும் சார், முத்து இருந்துச்சான்னு கேளுங்க!"

கட்டைவிரல்

மிச்சம் ஒரே சிப்பி. பிலோமினா கட்டைவிரலில் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மீதி நாலு விரலால் திறந்தாள், பிரித்தாள், குண்டூசி குத்திப் பெயர்ச்சீட்டு வைத்தாள். பேராசிரியர் இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பெருக்கல் குறியை அடித்தார், டிக் போட்டார், கையெழுத்துப் போட்டார். தண்டல் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு எழுந்து நின்றது. மத்தியான பஸ்ஸில் ஃபைல் போய்விட்டது. ரெஜினாவுக்கு மட்டும் முகம் தொங்கிப்போனது.

"போங்கக்கா, நான் அவளுக்கு என் பக்கத்துல இடம் புடிச்சு வச்சிருந்தேன்."

பேனாவை மறந்துவிட்டேன் என்று ஆய்வகத்துக்குத் திரும்பினேன். உள்ளே பேராசிரியர் தனியாக நின்றிருந்தார். இடுக்கி மேஜையில் கிடந்தது. அவர் கட்டைவிரல், இரண்டாவது சிப்பிக்குள் மெதுவாக ஒரு சுற்று போய்க்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கையை வேட்டியில் துடைத்தார்.

"மிஸ், இது பாடத்திட்டத்துல இல்ல. ஃபைல்ல எழுதிடாதீங்கோ."

அதற்குப் பிறகு எத்தனையோ ஃபைல்களில் 'சமமானது' என்று முத்திரை குத்திவிட்டேன், அன்று பார்த்த இரண்டு கட்டைவிரல்களுக்கு மட்டும்தான் அதைக் குத்த இடமே கிடைக்கவில்லை.