அக்காவின் மீது ஒரு புகார்

அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரியை எல்லோரும் 'ஸாரி அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். மேஜையில் இடித்துக்கொண்டால் மேஜையிடமும் ஸாரி கேட்கிற ஜென்மம். வாஷிங் மெஷினோ ஃபிரிட்ஜோ பழுதானால் ஜனங்கள் போன் செய்து திட்டுகிற இடம் எங்களுடையது. பதினோரு வருடமாக அங்கே திட்டு வாங்குகிறாள்.

"இந்த மெஷின்ல எல்லாமே போச்சு, எப்பவுமே ஒழுங்கா ஓடினதில்ல" என்று ஆட்கள் கத்துவார்கள். அக்கா பதறமாட்டாள். "கடைசியா எப்போ ஓடுச்சுங்க? தண்ணி உள்ள வருதா? வெளிய போகுதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். நாலாவது கேள்வியில் கத்தியவரே, தண்ணீர் வெளியே போகிற குழாய் மட்டும்தான் அடைத்திருக்கிறது என்று ஒப்புக்கொள்வார். அந்த வித்தை எனக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது.

ஊருக்கெல்லாம் இவ்வளவு பொறுமை, தனக்கு மட்டும் கிடையாது. ஓர் எழுத்தைத் தப்பாகத் தட்டினால் போதும், "மரமண்டை, நீயெல்லாம் எதுக்கு வேலைக்கு வர்ற" என்று தன்னையே திட்ட ஆரம்பித்துவிடுவாள். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. மேற்பார்வையாளர் பதவிக்கு இரண்டு தடவை நேர்காணல் நடந்தது. இரண்டு தடவையும், கூப்பிடுவதற்கு முன்பே தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டாள். பதவி நேற்று வந்தவர்களுக்குப் போனது. அவளுக்குக் கோபம் வரவில்லை, எனக்குத்தான் வந்தது.

மூன்றாவது நேர்காணல் அன்று காலையில் ஃபிரிட்ஜ் மெக்கானிக்கை விலாசம் மாற்றி அனுப்பிவிட்டாள். பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்து, இரண்டு வீட்டுக்கும் பேசி, ஆளையும் திருப்பிவிட்டாள். ஆனாலும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் போறேன்டி. எங்கிட்ட எல்லாமே கோளாறு. எப்பவுமே இப்படித்தான்."

சமாதானம் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். எரிச்சலில், கணினியில் புகார்ப் படிவத்தைத் திறந்தேன்.

"சரிக்கா, உன் மேலயே புகார் எழுதிடறேன். கோளாறு, எல்லாமே. தேதி, எப்பவுமே. போதுமா?"

திரையை எட்டிப் பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி எழுதி வச்சிருக்க? எல்லாமேன்னு எழுதினா மெக்கானிக் போய் எதைக் கழட்டுவான்? எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கேன். என்ன ஆச்சு, எப்போ ஆச்சுன்னு கேளு."

"கேக்கறேன். என்ன ஆச்சு?"

"ஒரு விலாசம் மாறிடுச்சு."

"எப்போ?"

"இன்னைக்கு ஒன்பதே காலுக்கு."

"அதுக்கு முன்னாடி?"

விரல் விட்டு எண்ணப் பார்த்தாள். சுண்டு விரலைத் தாண்டவில்லை.

"போன வருஷம் ஒண்ணு" என்றவளுக்குத் தானாகவே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் போனைப் பொத்திக்கொண்டு எங்களை முறைத்தார். அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். கைப்பையை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

அரை மணி கழித்து மேற்பார்வையாளராக வெளியே வந்தாள். என்னதான் கேட்டார்கள் என்று குடைந்தேன்.

"உங்ககிட்ட இருக்கிற குறை என்னன்னு மேனேஜர் கேட்டாரு."

எனக்குத் திக்கென்றது. அந்தக் கேள்விக்கு விடிய விடியப் பதில் சொல்ல அக்காவிடம் சரக்கு உண்டு.

"நீ என்னக்கா சொன்ன?"

"காலையில ஒரு விலாசத்தை மாத்திட்டேன், உடனே சரி பண்ணிட்டேன்னு சொன்னேன். வேற என்னன்னு கேட்டாரு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் சார்னு சொல்லிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தேன்டி."