மூன்றாவது ஆக்சில்

பத்து பெரண்டாம் ஊர் லோரி எடைமேடையில், நண்பகல் வெயிலில் ஏறி நின்ற அந்த மண் தோண்டும் இயந்திரத்தை என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் பட்டறையில் டிரெய்லர் கட்டுகிறோம். எத்தனை ஆக்சில், அதாவது சக்கர அச்சு, வேண்டும், ஒவ்வொன்றும் எவ்வளவு தாங்க வேண்டும் என்று கணக்குப் போடுவது அன்றும் இன்றும் என் வேலை. ஏற்றப்போகும் இயந்திரத்தின் எடை, டிரெய்லரின் சொந்த எடை, மேடு பள்ளத்துக்குக் கொஞ்சம் கூடுதல். இதில் பேய் பிசாசுக்கு இடமே இல்லை என்று திமிராகத்தான் இருந்தேன்.

இயந்திரம், அதை ஏற்றிப்போக டிரெய்லர் கட்டச் சொல்லி வந்த லோரிக்கார மாமாவுடையது. உறவில்லை, வாடிக்கையாளர்தான். புக்கிட் காத்தில் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்து இடுகாட்டில் வீடு கட்டப்போகிறார்கள் என்று சமாதிகளை எல்லாம் புது இடுகாட்டுக்கு மாற்றினார்கள். மாமாவின் அம்மாவைப் புதைத்த இடத்தில் மட்டும் கல் இல்லை. தேடியும் கிடைக்கவில்லை. யாரோ தோண்டுவதைவிடத் தானே தோண்டித் தேடலாம் என்று மாமா அந்த வேலையைக் கேட்டு வாங்கினார். கடைசிவரை ஓர் எலும்புகூடக் கிடைக்கவில்லை. "அம்மா மேல யாரோ ஹால் கட்டி டிவி பாப்பாங்கம்மா" என்று என்னிடம் சொல்லி அழுதார்.

இயந்திரத்தின் எடைத் தகட்டில் எழுதியிருந்ததைவிட எடைமேடை கூடுதலாகக் காட்டியது. சேறாக இருக்கும் என்று தண்ணீர் பீய்ச்சிக் கழுவினோம். செம்மண் ஓடியது, எடையும் குறைந்தது, ஆனால் முழுதாக இல்லை. மண் அள்ளும் வாளி, டீசல் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஓர் ஆளின் எடை மிஞ்சியது. நான் மறுபடியும் கணக்குப் போட்டேன். மாமாவின் முகமோ மலர்ந்துவிட்டது.

"ரெண்டு ஆக்சில் தாராளம் மாமா."

"மூணு போடும்மா. அவங்கள நெருக்கி உக்கார வைக்கக் கூடாதுலா."

நான் மூன்று என்றே எழுதிக்கொண்டேன்.

புது டிரெய்லரின் முதல் ஓட்டத்தில், சக்கரம் சூடாகிறதா என்று பார்க்க நான் கூடப் போவது வழக்கம். எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்பட்டோம். அடுத்த வேலைக்கு ஆயர் குரோவுக்குப் போக வேண்டிய வண்டியை மாமா புது இடுகாட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். மேலே ஏறி இயந்திரத்தின் கதவைத் திறந்துவைத்தார். இறங்கி வந்து, பார்க்கப் பயந்தவராக முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"எறங்கும்மா. வந்துட்டோம்." என்னிடம் சொல்லவில்லை.

நான் சக்கரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று துளியும் இல்லை. ஸ்பிரிங் பட்டைகள் மெல்ல முனகின. டிரெய்லர் ஒரு நூலளவு உயர்ந்தது.

"எறங்கிட்டாங்களா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"எறங்கிட்டாங்க மாமா."